கால் தரையைத் தொடும்வரை பாருங்கள்

மாவட்டக் கூடைப்பந்து நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் பெண்கள் அரையிறுதியில் நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். கார்னரிலிருந்து எங்கள் பெண் எம்பி த்ரீ பாயிண்டர் (மூன்று புள்ளி ஷாட்) போட்டாள். பந்து கையை விட்ட பிறகும் தடுக்க வந்தவள் நிற்கவில்லை, ஓர் எட்டு உள்ளே வைத்தாள். இறங்கியவளின் பாதம் அந்த ஷூமேல் விழுந்து மடங்கியது. விசில் வரவில்லை. கேட்டதற்கு, "கையில படலையே மேடம், பந்து போயிடுச்சு" என்றார் நடுவர்.

பந்து போனதும் ஷாட் முடிந்துவிடாது ஐயா. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி எம்பியவரின் இரண்டு பாதமும் தரைக்கு வரும்வரை அது ஷாட்தான். எம்பிய இடத்திலேயே இறங்க அவருக்கு உரிமை உண்டு. அந்தரத்தில் இருப்பவருக்கு அடியில் நுழைந்து மோதினால், அது பெரும்பாலும் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், அதாவது சாதாரண ஃபவுலைவிடக் கடுமையானது, என்கிறது 33ஆம் விதி. எங்களுக்குச் சாதாரண ஃபவுல்கூடக் கிடைக்கவில்லை.

2017 மே மாதம், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் ஸ்பர்ஸ் அணியின் கவாய் லெனர்டுக்கு நடந்தது நினைவிருக்கும். ஷாட் போட்டு இறங்கும்போது, தடுக்க வந்த வாரியர்ஸ் அணியின் ஸாஸா பச்சூலியாவின் பாதத்தில் மிதித்தார். அவர் வெளியேறியபோது ஸ்பர்ஸ் 23 புள்ளி முன்னிலை. கடைசியில் வாரியர்ஸ் 113-111 என்று ஜெயித்தது. அடுத்த சீசனுக்குள் என்பிஏ, இறங்க இடம் விடாத தடுப்பை ஃப்ளேக்ரன்ட் ஃபவுலாக்கும் (கடுமையான ஃபவுலாக்கும்) அதிகாரத்தை நடுவர்களுக்குக் கொடுத்தது. அங்கே வழவழப்பான மரத்தரை, பக்கத்திலேயே டாக்டர். இங்கே சிமெண்ட் தரை. ஐஸ் கட்டிக்கு ஒரு பையன் ஜூஸ் கடைக்கு ஓடினான். அவன் வருவதற்குள் கணுக்கால் வீங்கி, ஷூவைக் கழற்ற லேஸை அறுக்க வேண்டியதாயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. அவளால் போக முடியாது. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்குக் கல்லூரி சீட் கிடைக்கும் என்பதுதான் பெரிய நம்பிக்கை. அந்த ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு அணியில் இடம் வேண்டும்.

பனியன் வெளியே தொங்கினால் விசில் அடிக்கிறீர்கள். கோச் கோட்டைத் தாண்டினால் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்) கொடுக்கிறீர்கள். அதற்கெல்லாம் இருக்கும் கண், ஒரு பெண் இறங்கும்போது எங்கே போகிறது? பந்தின் பின்னால் போகிறது. இரண்டு நடுவர்களுமே வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஷூட்டரை யார் பார்ப்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தடுப்பவருக்கும் உரிமை உண்டு. தன் இடத்தில் நேராக எம்பினால் அவர்மேல் ஃபவுல் இல்லை. ஷூட்டர் வேண்டுமென்றே காலை நீட்டி உதைத்தால் ஃபவுல் ஷூட்டர்மேல்தான். அதையும் தயங்காமல் கொடுங்கள். நான் கேட்பது இறங்கும் இடத்தை மட்டும்.

அடுத்த போட்டிக்கு முன் உங்கள் நடுவர்களை ஒருநாள் மைதானத்தில் கூட்டி, இந்த ஒரு விதியை மட்டும் ஆடிக்காட்டிச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் இரு அணி கேப்டன்களிடமும் இதை எச்சரிக்கையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஷூட்டரின் கால் தரையைத் தொடும்வரை ஒரு நடுவரின் கண் அவர்மேல் இருக்கட்டும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஒருவர்