பறவை எண்ணிக்கைச் செய்தியில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் ‘பள்ளிக்கரணையில் பறவைகள் குவிந்தன’ என்றோ ‘வரத்து குறைந்தது’ என்றோ செய்தி வருகிறது. எத்தனை பறவை என்று போடுகிறார்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எங்கே நின்று எண்ணினார்கள் என்பது இருப்பதில்லை. பறவை ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் இதைத்தானே படிக்கிறார்கள்.

2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சென்னைச் சதுப்பு நிலம் அது. நல்ல மழை பெய்த ஆண்டில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளெல்லாம் நிரம்பி, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகள் அங்கெல்லாம் பரவிவிடும். பள்ளிக்கரணையில் எண்ணிக்கை குறையும். மழை பொய்த்தால், தண்ணீர் மிஞ்சிய இடங்களில் நெருக்கியடித்து இறங்கும்; பறவை பெருகிவிட்டதுபோலத் தெரியும். நீர்மட்டமும் முக்கியம். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்கு வேண்டியது ஈரச் சேறு, விரலளவுத் தண்ணீர். ஏரி தளும்பினால் அது வேறிடம் தேடிப் போய்விடும், அவ்வளவுதான். பல நீர்நிலைகளில் ஒரே நேரத்தில் எண்ணும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை வனத்துறை நடத்துவது இதனால்தான். ஓர் இடத்து எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டால் வாசகர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார். எண்ணியவர்கள், நேரம், நீர்மட்டம் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துவிடலாமே.

எண்ணுவதும் லேசான வேலையல்ல. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். வெயில் ஏறிக் கானல் எழுந்துவிட்டால் உள்ளான் வகைகளைப் பிரித்தறிய முடியாது. பெரிய கூட்டத்தில் முதலில் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தை அளவுகோலாக வைத்து மீதியை அளக்க வேண்டும். கூட்டம் ஓரத்தில் கலைந்தும் நடுவில் அடர்ந்தும் இருந்தால், ஓரத்து 50-ஐ அளவாக எடுத்தவருக்குக் கணக்கு குறைந்துவிடும். பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும், வாத்துகள் மொத்தமாக எழும்பி அடுத்த குழுவின் பக்கம் இறங்கும். இரண்டு குழுவும் எண்ணிவிடும். எழும்பிய நேரத்தையும் திசையையும் குறித்திருந்தால் பிறகு கழித்துக்கொள்ளலாம். சம்புப் புல்லுக்குள் பதுங்கும் தாழைக்கோழி எந்தக் கணக்கிலும் முழுசாக வராது.

நீண்ட லென்ஸ் இருந்தால் பாதி விஞ்ஞானி என்ற நினைப்பு இங்கே பலருக்கு. பள்ளி மாணவருக்கு ஒரு 8x42 பைனாகுலர், நோட்டு, பென்சில் போதும். வீட்டருகே ஒரே குளத்தில், வாரம் ஒருமுறை, அதே நேரத்தில் 15 நிமிடமாவது நின்று, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காகம், மைனா உட்பட, எண்ணிக்கையோடு எழுதி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காகத்தை விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எழுதினால், அன்று காகம் இல்லையா, எழுதவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டுதான் 942 இனங்களை மதிப்பிட்டது.

படிப்புக்கு விலங்கியல்தான் வேண்டும் என்றில்லை. தாவரவியலோ புள்ளியியலோ படித்துவிட்டும் வரலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் போன்றவை.

முனைவர் பட்டத்தில் பலருக்கு அடி விழுவது காலக்கணக்கில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்து ஆண்டு. வேடந்தாங்கலில் கூடுகளைப் பின்தொடர வருபவருக்கு ஒரு மழை பொய்த்தால் ஓராண்டுத் தரவு போய்விடும். ஆகவே ஏரி வற்றினாலும் நடத்தக்கூடிய கேள்வி ஒன்றையும், வயல்வெளியில் இரை தேடுவதைப் பற்றியதுபோல, தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. பறவை போகும் இடத்தை அறிய அதன்மேல் கருவி பொருத்துவதிலும் வரம்பு உண்டு: கருவியின் எடை உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வழக்கம். கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம்தான், முக்கால் கிராமுக்குமேல் சுமக்க விடக்கூடாது. அதற்குக் காலில் மாட்டும் உலோக வளையமும் வண்ணக் கொடியும்தான் சரி.

அனுமதியை மறந்துவிடுகிறார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வலை வைத்துப் பிடிப்பதை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கணக்கில் வைப்பதால் அதற்குத் தனி அனுமதி. விண்ணப்பத்தைச் சித்திரையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐப்பசியில் கொடுத்தால், தாள் கைக்கு வருமுன் வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை-42