வகுப்பறையைப் பார்க்காமலே இசை ஆசிரியர் ஆவதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இசைப் படிப்பு அதில் தலைகாட்டுவதே அபூர்வம். தலைகாட்டினாலும் கச்சேரி, சினிமா, டிவி போட்டி என்றுதான் பேச்சு போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இசை படிக்க வருகிறவர்களும் இருக்கிறோம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து தினமும் தென்சென்னைக்குப் போய், இளங்கலை இசை இறுதியாண்டு படிக்கும் நான் அப்படி வந்தவள்.

கல்லூரியில் கற்றது கொஞ்சமில்லை. வர்ணம், கிருதி, ராக லட்சணம், 72 மேளகர்த்தா, கல்பனாஸ்வரம் என்று ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பாடத்திட்டம் முழுக்கப் பாடகர்களுக்கானது. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில், நாற்பது நிமிஷ பீரியடை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நானாகவே கேட்டு, கல்லூரி இல்லாத நாட்களில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பாட்டு எடுத்து வருகிறேன். அங்கே முதலில் வருகிற கேள்வியே சுருதிதான், அதாவது எந்த உயரத்தில் பாடுவது என்பது. நான் பாடும் ஐந்து கட்டை சுருதியில் பயிற்சியில்லாத பிள்ளைகளுக்கு மேல் ஸட்ஜம் எட்டாது, தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒரு கட்டை இறக்கி, ஸட்ஜத்துக்கும் (ஸ) தைவதத்துக்கும் (த) நடுவிலேயே சுற்றி வருகிற பாட்டாகத் தேட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்களில் பலருக்குக் குரல் உடைகிற வயசு. பாடு பாடு என்று அதட்டினால் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களைக் கீழ் ஸ்தாயியில் பாடவிட வேண்டும், இல்லையென்றால் தாளத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

தாளம் என்றால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். காசிமேடு, வியாசர்பாடி என்று கானா கேட்டே வளர்ந்தவர்கள். ஒரு பையன் பெஞ்சில் விரல் முட்டியாலும் உள்ளங்கையாலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தான். சுத்தமான திஸ்ர நடை, மூன்று மூன்றாக விழுகிற தட்டு. "நிறுத்தாதே, தட்டு" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒவ்வொரு 'தகிட'வுக்கும் ஒரு எண்ணாக எண்ண வைத்து, அதன்மேல் ஆதி தாளம் போடச் சொன்னேன். எட்டு எண்ணிக்கையும் ஓடி முதல் தட்டில் எல்லார் கையும் ஒன்றாக விழுந்தபோது அந்த வகுப்பின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாரம் ஒரு பீரியடில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியோடு தொடங்கினால் தீபாவளிக்குள் பிள்ளைகளுக்கு வெறுத்துப்போகும். அதற்குப் பதில் நோட்டுஸ்வரம் என்கிற எளிய பாட்டுகள் நன்றாகக் கைகொடுக்கின்றன. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அமைத்தவை என்பார்கள். சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில், கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன்) சிக்கல் இல்லாமல் நேராகப் போகும். தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்த முதலியார்கள் பக்கத்து மணலிக்காரர்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிள்ளைகளிடமிருந்து. கல்லூரி வழியாகவே தெரிந்துகொள்ள ஏற்பாடு வேண்டும் என்பதுதான் நான் எழுத வந்தது. இரண்டாண்டு பி.எட். படிப்பவர்கள் 20 வாரம் பள்ளிகளில் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இசை ஆசிரியராக விரும்புகிறவருக்கு டி.டி.சி. என்கிற தொழிலாசிரியர் பயிற்சி இருக்கிறது, கோடையில் 42 நாள். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும் மாதத்தில், பிள்ளைகளே இல்லாமல் கற்பிக்கப் பழகுவது எப்படி?

இது புதிய கோரிக்கையும் அல்ல. சென்னை மியூசிக் அகாடமி 1931லேயே இசை ஆசிரியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த டைகர் வரதாச்சாரியார் எங்கள் காலடிப்பேட்டைக்காரர். அவ்வளவு பெரிய வித்வானே ஆசிரியர்களை உருவாக்குவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

வேலை வாய்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, கணினி, தையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். 2017இல் 1,325 சிறப்பாசிரியர் (ஓவியம், இசை, தையல், உடற்கல்வி) பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தபோது இசைக்கு வந்தவை நூறுகூட இல்லை. இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா என்று பிள்ளைகளுக்குக் கலைப் போட்டிகள் நடத்துகிறார்கள், மனமார வரவேற்கிறேன். ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் தமிழ் டீச்சரையோ கணக்கு டீச்சரையோ பிடித்துப் பாட்டுச் சொல்லித்தரச் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்.

சரி, நிரந்தரப் பணியிடங்களுக்கு நிதி வேண்டும், அரசாணை வேண்டும், காலம் பிடிக்கும். பயிற்சிக்கு அதெல்லாம் தேவையில்லை. இசைக் கல்லூரிகளும் மாநகராட்சிக் கல்வித் துறையும் பேசி முடிவெடுத்தால், இந்தக் கல்வியாண்டிலேயே இறுதியாண்டில் ஒரு பருவத்தைப் பள்ளிக்கு ஒதுக்கலாம். வடசென்னையில் எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும் போக நான் தயார், என்னோடு படிக்கிறவர்களிலும் பலர் தயார். உதவித்தொகை கேட்கவில்லை. பள்ளியில் இருக்கும் நாட்களைக் கல்லூரி வருகைப் பதிவில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
இசை மாணவி ஒருத்தி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.