எல்லோருக்கும் சரியாகிவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் பால் அலர்ஜி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முதலில் படித்தது என் அம்மா. 'பெரும்பாலும் 5 வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு 29 வயதாகிறது. இன்னும் சரியாகவில்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பால் அலர்ஜி உள்ள 807 பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 4 வயதுக்குள் சரியானவர்கள் 19 சதவீதம்தான். 8 வயதில் 42, 12 வயதில் 64, 16 வயதில் 79. சிறப்பு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் என்பதால் பாதிப்பு கடுமையாக இருந்திருக்கும் என்பது நியாயமான பதில்தான். இருந்தாலும் மீதிப் பிள்ளைகள் வளர்ந்து எங்கே போனார்கள்? அவர்களில் ஒருத்தி மாதிரிதான் நான், கல்யாணப் பந்தியில் பருப்பின் மேல் நெய் விழாமல் கையால் இலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"மோர் புளிச்சதுதானே, அதுல பாலு எங்க இருக்கு?" என்பார் என் அத்தை. பால் செரிக்காமல் வயிறு உப்புகிறவர்களுக்குப் பாலிலுள்ள சர்க்கரைதான் சிக்கல். எனக்கு ஆகாதது புரதம். காய்ச்சினாலும் புளித்தாலும் அது போய்விடாது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதமும் ஏறக்குறைய அதே சாடைதான். 'ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்க' என்று யாரும் சொல்ல வேண்டாம். போன வருடம் பாயசக் கரண்டியை அப்படியே ரசத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டு வாய்தான் சாப்பிட்டேன். உதடு தடித்து, குரல் கம்மி, ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

எலும்பு விஷயத்தையும் கட்டுரை தொடவில்லை. பால் அலர்ஜி நீங்காத இளைஞர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை 2014-இல் இஸ்ரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. சின்ன வயதில் பாலை நிறுத்தச் சொன்னவர்கள், சுண்ணாம்புச் சத்துக்கு வேறு என்ன சாப்பிடுவது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கேழ்வரகையும் எள்ளையும் நான் பிடித்துக்கொண்டது கல்லூரிக்குப் போன பிறகு.

பெற்றோர் தயவுசெய்து 'வயசாயிடுச்சு, கொஞ்சம் குடிச்சுப் பாரு' என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். மருத்துவர் கண்ணெதிரே, சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கேக்கில் வெந்த பாலைத் தாங்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அதையும் அங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் விற்கும் உணவில் பால் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஸ்வீட் ஸ்டாலில் தட்டில் அடுக்கியிருக்கும் மைசூர்பாகுக்கு ஏது லேபிள்?

வருகிற வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. காய்ச்சின பாலை வேண்டாம் என்றால் அபசகுனம் என்பார்கள். வாங்கிக்கொள்வேன். டம்ளரைக் கைமாற்ற என் கணவர் பக்கத்திலேயே நிற்பார்.

– வாசகி, தஞ்சாவூர்