ப்ரீஆம்பும் கேபினெட் ஸ்விட்ச்சரும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய இணைப்புப் படமும் கிடைத்தன. கிட்டாருக்கான இரண்டு வால்வு ஆம்ப் ஹெட்டுகள் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்புகள்), இரண்டு ரேக் ப்ரீஆம்புகள் (தொனியை உருவாக்கும் முன்கட்ட ஆம்புகள்), இரண்டு கேபினெட்டுகள் (ஸ்பீக்கர் பெட்டிகள்), நடுவில் எந்த ஹெட் எந்த கேபினெட்டை ஓட்டுவது என்று மாற்றித் தரும் புதிய ஸ்விட்ச்சர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்தபோது, ஒரே ஆம்பில் நாம் மாறி மாறிச் செருகி வாசித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. படத்தில் ஒரு கோட்டை மட்டும் அழித்துவிடு: ப்ரீஆம்பிலிருந்து ஸ்விட்ச்சரின் மூன்றாவது ஆம்ப் ஜாக்குக்குப் போகும் கோடு.

அந்த ஜாக் ஸ்பீக்கரை ஓட்டவல்ல மின்திறனுக்காக அமைந்தது. ப்ரீஆம்ப் தருவதோ ஏறத்தாழ 1 வோல்ட் அளவிலான லைன் சிக்னல். அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) பல நூறு ஓம் இருப்பதால், 8 ஓம் ஸ்பீக்கரை எதிரே வைத்தால் அந்த ஒரு வோல்ட்டில் நூற்றில் ஓரிரு பங்குதான் மிஞ்சும். நானே ஒருமுறை அப்படிச் செருகிவிட்டு, சத்தம் வராததற்கு ப்ரீஆம்பின் பழுதே காரணம் என்று நம்பி வால்வுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அதில் வீணானது என் மாலைப் பொழுது மட்டுமே. எதிர்த்திசையில் செய்யும் தவறு அவ்வளவு எளிதில் விடாது: 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டில் 20 வோல்ட் இருக்கும், அதைத் தவறிப்போய் ப்ரீஆம்பின் உள்ளீட்டில் செருகினால் உள்ளே ஏதாவது கருகக்கூடும். ஆகவே லைன் கேபிள்களுக்கு ஒரு நிறமும் ஸ்பீக்கர் கேபிள்களுக்கு வேறு நிறமும் ஒட்டி வை.

ப்ரீஆம்புகளுக்குச் சரியான வாசல் உன் முதல் ஹெட்டின் பின்புறத்திலுள்ள ரிட்டர்ன் ஜாக். ஹெட்டின் ப்ரீஆம்ப் பகுதியிலிருந்து சிக்னலை வெளியே எடுப்பது சென்ட், அதைப் பவர் பகுதிக்குள் கொண்டுவருவது ரிட்டர்ன், இரண்டும் சேர்ந்தது லூப். நான்கு வழி லைன் செலக்டர் ஒன்றை எடுத்து, அந்த ஹெட்டின் சென்ட்டையும் இரண்டு ப்ரீஆம்புகளையும் அதன் உள்ளீடுகளில் கொடுத்து, வெளியீட்டை ரிட்டர்னில் செருகிவிட்டால், மூன்று குரல்களும் ஒரே பவர் பகுதியின் வழியாக ஸ்விட்ச்சரை அடையும். மாஸ்டர் வால்யூம் சென்ட்டுக்கு முன்னால் இருக்கும் ஹெட்டாக இருந்தால், ரிட்டர்னுக்குள் வரும் சிக்னலை அது கட்டுப்படுத்தாது. ப்ரீஆம்பின் வெளியீட்டுக் குமிழை அடியில் வைத்துத் தொடங்கு. லூப் பேரலல் வகையாக, அதாவது வெளியிலிருந்து வரும் சிக்னலோடு ஹெட்டின் சொந்தச் சிக்னலையும் கலக்கும் வகையாக இருந்தால், கலவைக் குமிழை முழுவதும் திருப்பினாலும் சில ஹெட்டுகளில் அவற்றின் சொந்த ஒலி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். தனியாக ஒரு டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் வாங்கி மூன்றாவது ஜாக்கில் கொடுக்கலாமே என்று நீ கேட்கலாம். கொடுக்கலாம், ஆனால் வால்வு வெளியீடு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறும் இடங்களில், அதாவது அடித்தொனியின் ஒத்ததிர்விலும் உச்சத்தொனியிலும், தானும் சற்றே எழுந்து கொடுக்கும். அந்த எழுச்சி பல டிரான்சிஸ்டர் ஆம்புகளில் இல்லை என்பதால், என் காதுக்கு அந்த வழி தட்டையாகவே படுகிறது. வாங்கினாலும் பிரிட்ஜ் முறையில் அதை இணைக்காதே: அந்த முறையில் இரண்டு முனைகளிலும் சிக்னல் இருக்கும், எதிர்முனையைப் பொதுவாக வைத்திருக்கும் ஸ்விட்ச்சர் அதை ஷார்ட் ஆக்கிவிடும்.

ஸ்விட்ச்சரில் நீ உறுதி செய்துகொள்ள வேண்டியது, தேர்ந்தெடுக்கப்படாத ஹெட்டுக்கு உள்ளேயே டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் மின்தடை) கிடைக்கிறதா என்பது. வால்வு ஆம்பை லோடு இல்லாமல் முடுக்கினால், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடக்கூடும். நல்ல கருவி முதலில் உள்ளீட்டு சிக்னலை அடக்கி, பிறகு ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) மாற்றி, அதன்பின்பே சிக்னலைத் திறக்கும். ஓய்வில் இருக்கும் ஹெட்டுக்குச் சிக்னல் போகாததால் டம்மி லோடும் சூடேறாது. இரண்டு கேபினெட்டுகளையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது, இரண்டும் 16 ஓம் என்றால் மொத்தம் 8 ஓம் ஆகும், அதில் சிக்கல் இல்லை. உன் படத்தில் உள்ளதுபோல ஒன்று 8, மற்றது 16 என்றால் 5.3 ஓம் வரும். ஹெட்டை 4 ஓமில் வை, 8 ஓம் கேபினெட் மற்றதைப்போல இருமடங்கு திறனை வாங்கிக்கொள்ளும் என்பதையும் மனத்தில் கொள்.

இத்தனை பெட்டிகள் ஒன்றோடொன்று எர்த் ஆகும்போது உறுமல் வரத்தான் செய்யும். பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் கழற்றாதே. ரிட்டர்னுக்குப் போகும் லைனில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதை வாங்குமுன் உன் முதல் ஹெட்டின் லூப் சீரீஸா (முழுச் சிக்னலும் லூப் வழியாகவே போகும் வகையா) பேரலலா என்று பார்த்து எழுது; பேரலல் என்றால் இரண்டாவது ஹெட்டின் ரிட்டர்னைப் பயன்படுத்தும்படி படத்தைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்