"மாறிலி எப்படி மாறும் டீச்சர்?"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் சாதாரண தரப் பரீட்சை பற்றிய கட்டுரையில் "மலையகப் பிள்ளைகளுக்குக் கணிதம் ஏறாது" என்று ஒரு வரி. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். இப்படி ஒரு வரியை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்கு மாலையில் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் படிக்க வருகிறார்கள். 2024இல் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா, கூடுதலாகப் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் 50 ரூபா என்று வைத்து 1350 + 50க என எழுதினேன். ஒருத்தி உடனே கூட்டி 1400க என்றாள். "அப்போ அம்மா ரெண்டு கிலோ கூடப் பறித்தால் தோட்டத்துத் துரை 2800 கொடுப்பாரா?" என்றேன். அவளே அழித்தாள். 'க' என்பது கிலோவின் சுருக்கம் இல்லை, எத்தனை கிலோ என்ற எண். அது நாளுக்கு நாள் மாறுவதால் மாறி. அதோடு பெருக்குகிற 50 குணகம், 1350 மாறிலி. சமன் குறி இல்லாதவரை இது வெறும் கணிதக் கோவை. அன்று 1600 ரூபா கிடைத்தது என்று சேர்த்தால்தான் சமன்பாடு, க 5 என்று விடையும் வரும்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ஆனதே, மாறிலி எப்படி மாறும் டீச்சர்?" அந்த ஒரு கணக்குக்குள் மாறாமல் நிற்பதால் அந்தப் பெயர் என்றேன். கணிதம் ஏறாத பிள்ளை கேட்கிற கேள்வியா ஐயா இது?

இப்படி எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துச் செய்யும் கணக்குத்தான் அட்சரகணிதம். நான் படித்த தோட்டப் பாடசாலையில் அட்சரம் என்றால் எழுத்து என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. கரும்பலகையில் எக்ஸ் வந்தது, மனப்பாடம் செய்தோம். கணிதத்தில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறைதான் தேறினேன். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வர இரண்டு தவணை ஆகும். இன்று வீடியோ பார்த்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் இந்தியாவின் இயற்கணிதமும் கெழுவும் வருகின்றன. எங்கள் புத்தகத்தில் அட்சரகணிதமும் குணகமும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா மலையிலிருந்து இறங்கவே மாலையாகிவிடும். பரீட்சை முடிவு வரும் வாரத்தில் மட்டும் எங்களை நினைக்கிறீர்கள், அதுவும் இப்படி ஒரு வரியோடு.

மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கணிதச் சொல்லுக்கு நாலு வரி இடம் தாருங்கள். நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பதுளை மாவட்டம்