சாம்பல் சேரட்டும், ஆனால் கான்கிரீட் குப்பைத்தொட்டி ஆகவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுப் பொருள்களைக் கொண்டு கான்கிரீட் தயாரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எடுத்துக்கொண்ட விஷயம் முக்கியமானது. மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளைக்கு எரிக்கும் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரியும்போது விடுகிற வாயு அது. அதனால் சிமெண்டைக் குறைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நிலக்கரிச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு, பிளாஸ்டிக், டயர் துண்டு, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, எதைப் போட்டாலும் நல்லது என்பதுபோல எழுதியிருந்தது மனதை உறுத்தியது. கட்டுமான வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடிக்கிற பசை. இன்னொன்று சுண்ணாம்பு. இறுகிய சிமெண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். இதற்குப் பெரிய வலு கிடையாது, தண்ணீர் ஊறினால் கரைந்து வெளியே வரும். கான்கிரீட் விரிசலில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், அது பெரும்பாலும் இப்படிக் கசிந்த சுண்ணாம்புதான். நிலக்கரிச் சாம்பல் இந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அதையும் பசையாக மாற்றிவிடுகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன, உப்பு உள்ளே நுழைந்து கம்பியைத் தொட அதிக காலம் பிடிக்கிறது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தபோது நடந்ததும் இதே வேலைதான். ரோமில் பாந்தியன் கோயிலின் கும்மட்டம் 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை, 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. அமெரிக்காவில் 1953இல் கட்டி முடித்த ஹங்கிரி ஹார்ஸ் அணையிலும் நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கிறது. ஆகவே சாம்பல் கலந்த சிமெண்டைக் 'கலப்படம்' என்று சொல்வதை இனியாவது விட்டுவிட வேண்டும்.

கசடு கலந்த கான்கிரீட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினோம். குழாய்க்காகச் சுவரைத் துளைத்தபோது உள்ளே நீலப்பச்சையாக இருந்தது. பாசி பிடித்துவிட்டது, ஏதோ ரசாயனம் கலந்துவிட்டது என்று உரிமையாளர் பதறிப்போனார். கசடில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப் படாதவரை அந்த நிறத்தைக் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. சில நாளில் துளையின் விளிம்பு வெளிறிச் சாதாரண சாம்பல் நிறத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

இன்னொரு வேலையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரே நாளில், ஒரே கலவையில், சாம்பல் சேர்த்து இரண்டு தரைப் பகுதிகள் போட்டோம். ஒன்றில் அடுத்த வேலையைத் தொடங்கும் அவசரத்தில் கான்கிரீட் காயாமலிருக்கப் போர்த்திய ஈரச்சாக்கை மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள். மற்றதில் பத்து நாள் சாக்கு ஈரமாகவே கிடந்தது. ஒரு மாதம் கழித்து முதல் பகுதியை உள்ளங்கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. இரண்டாவதில் ஆணியால் கீறியும் பெரிதாகத் தடம் விழவில்லை. ஆனால் கூடிப் பேசியபோது எல்லோரும் சாம்பலைத்தான் குறை சொன்னார்கள். சாம்பல் மெதுவாக வேலை செய்யும். அதற்கு நாளும் வேண்டும், ஈரமும் வேண்டும். இரண்டையும் கொடுக்காமல் விட்டால் சாதாரண சிமெண்டை விடவும் மோசமாகப் போகும். சுண்ணாம்பு குறைந்துவிடுவதால் காற்றிலுள்ள கரியமில வாயு இன்னும் வேகமாகக் கம்பிவரை போய்விடும், கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சரி, மற்ற பொருள்களுக்கு வருகிறேன். கண்ணாடியைப் பொடித் துண்டுகளாக உடைத்து மணலுக்குப் பதிலாகப் போட்டால், சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து வீங்கும் கூழ் உண்டாகி நாளடைவில் கான்கிரீட்டையே வெடிக்கவைக்கலாம். அதே கண்ணாடியை மாவாக அரைத்தால் சாம்பலைப் போல நல்ல பொருளாகிவிடுகிறது. உமிச் சாம்பலும் அப்படித்தான். சூட்டைக் கட்டுக்குள் வைத்து, ஏறக்குறைய 700 டிகிரிக்குள் எரித்தால் அருமையான சரக்கு. கண்டபடி எரித்தால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும், அல்லது கரி மிஞ்சித் தண்ணீரைக் குடிக்கும். இடித்த கட்டடத்து ஜல்லியில் பழைய கலவை ஒட்டியிருக்கும், அதுவும் தண்ணீரை இழுக்கும், முன்கூட்டியே நனைத்துவிட்டால் சமாளிக்கலாம். பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் சிமெண்ட் பசை சரியாகப் பிடிப்பதில்லை, சேர்க்கச் சேர்க்க வலு இறங்கும். நடைபாதைக் கல்லுக்கு ஓரளவு சரி, தூணிலும் உத்தரத்திலும் வேண்டவே வேண்டாம்.

பூச்சுக் கலவையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நல்ல சாம்பலின் துகள்கள் உருண்டையானவை, அதனால் கலவை கரணையில் வழுக்கிக்கொண்டு போகும், தண்ணீரும் குறைவாகப் போதும். கொத்தனார்களே முதலில் உணர்வது இதைத்தான்.

நிலக்கரி மின்நிலையங்கள் பல நாடுகளில் மூடப்படுகின்றன, நல்ல கசடும் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. அதனால் சுட்ட களிமண் சிமெண்டைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். பாதி கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில் வெந்து வரும் கட்டி, இதை அரைத்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள்), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல் தூள், 5 சதவீதம் ஜிப்சம் என்பது அதன் அளவு. கிளிங்கருக்கு 1,450 டிகிரி சூடு வேண்டும், களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறைகிறது.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம் உங்கள் இதழ் வழியாக இரண்டு விஷயம் கேட்கிறேன். சாம்பல் அதிகம் சேர்ந்த கலவையை 28ஆம் நாள் சோதனைக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமையோடு மட்டும் மதிப்பிடாமல், வேலைக்குப் பொருந்துகிற இடங்களில் 56 அல்லது 90ஆம் நாள் வலிமையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நீராற்றும் வேலையைக் கான்கிரீட் விலைக்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுதி, எத்தனை நாள் என்று குறித்து, அத்தனை நாளுக்கும் தனியாகக் கூலி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்