நத்தை வாங்கலாமான்னு கேட்டியே

அடியே விமலா,

எப்படி இருக்க? ஃபோன்ல டைப் பண்ணா எனக்கு பாதியிலயே பொறுமை போயிடுது, அதனால லேப்டாப்ப தொறந்து ஒக்காந்துட்டேன், நீளமா தான் போகும், காபி போட்டு எடுத்துட்டு வந்து படி. அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும் தான் எனக்கு உசுரு வந்துச்சு. பிசியோ பண்றவங்க சொல்றத மட்டும் ஒழுங்கா கேக்கச் சொல்லு, நம்ம வீட்டுப் பெரியவங்க ரெண்டு அடி நடக்க ஆரம்பிச்சதுமே அடுப்படியில போய் நின்னுடுவாங்க. இங்க சிங்கப்பூர்ல பெரியவன் என்எஸ், அதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போயிட்டான், லீவுல புக் அவுட் ஆகி வந்தா அழுக்குத் துணி மூட்டையும் பசியும் தான், துணி காயறதுக்குள்ள திரும்ப கேம்ப்புக்குக் கெளம்பிடுவான். இவருக்கும் இப்ப ஷிஃப்ட் வேலை. அதனால மீன் தொட்டிக்கு தான் யோகம், மனுசங்களுக்குப் போக வேண்டிய கவனிப்பெல்லாம் அதுக்குப் போகுது.

சரி விசயத்துக்கு வரேன், உன் மீன் தொட்டியில புடிச்ச பாசிய திங்க நத்தை வாங்கலாமான்னு கேட்டியே. நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். கண்ணாடியில பச்சைப் பொட்டு பொட்டா கெட்டியா ஒட்டிட்டு இருக்கே, வெரலால தேச்சா போகாது, அது கிரீன் ஸ்பாட் பாசி. அனுபியாஸ் செடி எலை மேல பழுப்பா பொடியா படிஞ்சிருக்கிறது டயட்டம்ங்கிற பாசி, புதுத் தொட்டின்னா எல்லாருக்கும் வரும், கொஞ்ச நாள்ல அதுவே கொறஞ்சிடும். இந்த ரெண்டுக்கும் நத்தை நல்லா வேலை செய்யும். ஆனா ஃபில்டர் பைப் வாயில கருப்பா முடி முடியா குஞ்சம் கட்டி நிக்குது பாரு, அதுக்கு நத்தைய நம்பாத. அதுக்குப் பேரு பிளாக் பிரஷ், பாக்க கருப்பா இருந்தாலும் செவப்புப் பாசி வகை, நத்தை அது பக்கமே போகாது. பைப்பக் கழட்டி பிரஷ் போட்டுத் தேச்சிடு, எலையில வந்தா அந்த எலையையே வெட்டிடு. செடி வளர விடுற சிஓ2, அதான் கார்பன் டை ஆக்சைடு, ஒரு நாள் ஜாஸ்தி ஒரு நாள் கம்மின்னு விடற தொட்டியில தான் அது பெரும்பாலும் வருது, உங்க வீட்டுக்காரர் அந்த கேஸ ஈஸ்ட் பாட்டில் வெச்சு வரவழைக்கிறாருன்னு சொன்னியே, அதுல எப்படி ஒரே அளவா வரும் சொல்லு.

நாலு நத்தை போட்டா தொட்டி தானா சுத்தமாயிடும்னு அவரு சொன்னதெல்லாம் சும்மா. நத்தை திங்கும், தின்னுட்டு அங்கேயே கழியும், அந்தச் சத்து தண்ணியில தான் இருக்கும், வெளிச்சமும் ஜாஸ்தின்னா திரும்ப பாசி. உன் தொட்டி பால்கனி கதவுக்குப் பக்கத்துல இருக்கு, சாயங்கால வெயில் பக்கவாட்டுல அடிக்குதுன்னு போட்டோலயே தெரியுது, மொதல்ல அந்தப் பக்கம் ஒரு அட்டையோ திரையோ போடு. லைட்டுக்கு டைமர் வாங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல எரிய விடாத. தீனிய பாதியாக்கு, கப்பி மீனுக்கு எவ்ளோ போட்டாலும் பசி தான். இதெல்லாம் பண்ணிட்டு மிச்சம் இருக்கிற பாசிக்கு தான் நத்தை.

எந்த நத்தைன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு நெரைட் தான் சொல்லுவேன். ஜீப்ரா, டைகர், கொம்பு வெச்சதுன்னு பல டிசைன்ல கெடைக்கும், வேலை எல்லாம் ஒண்ணு தான். செடியத் தொடாது, பாசிய மட்டும் தான் மேயும். ராத்திரி ஹால் லைட்ட அணைச்சுட்டு ஃபோன் டார்ச்ச கண்ணாடிக்கு வெளிய பிடிச்சு அது வாயப் பாரு. அடிப்பக்கம் சின்னதா ஒரு வாய் தொறந்து தொறந்து மூடும், உள்ள நாக்குல வரிசை வரிசையா பொடிப் பல்லு, தலைய எடப்பக்கம் வலப்பக்கம் ஆட்டிக்கிட்டே சொரண்டிட்டுப் போகும், அது போன எடத்துல பச்சைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு தெளிவான கோடு விழும். இவரு டிவிய நிறுத்திட்டு வந்து பாத்தாரு, நம்புறியா?

நெரைட்ல இன்னொரு நிம்மதி, பெருகாது. முட்டை போடும், ஆனா நல்ல தண்ணியில குஞ்சு தேறாது. இயற்கையில இது கடலுக்குப் பக்கத்துல ஓடுற ஓடையில இருக்கும், முட்டையிலேர்ந்து வர்ற பொடிசு கடலுக்கு அடிச்சுட்டுப் போய் உப்புத் தண்ணியில வளந்து அப்புறம் திரும்ப ஓடைக்கு ஏறி வரும். நம்ம தொட்டியில கடலுக்கு எங்க போறது. ஆனா முட்டை போடுறத நிறுத்தாது, அது தான் தொல்லை. கட்டை மேல, கல்லு மேல, ஃபில்டர் மேல எல்லாம் வெள்ளை எள்ளு ஒட்டின மாதிரி இருக்கும், நகத்தால சொரண்டுனா வராது, கண்ணாடியில இருக்கிறத பழைய ஈசி லிங்க் பஸ் கார்டு வெச்சு எடுத்துடலாம், கட்டையில இருக்கிறத விட்டுட வேண்டியது தான். ஆணா பொண்ணான்னு ஓட்டப் பாத்து சொல்லவும் முடியாது, அதனால பொண்ணு வேணாம்னு கடையில கேட்டு வாங்குறதுக்கும் வழியில்ல. உனக்கு அந்தக் கருப்புக் கட்டை அழகா தெரியணும்னா இத இப்பவே யோசிச்சுக்க.

உனக்கு ஞாபகம் இருக்கா, ஸ்கூல்ல சுங்கை பூலோ கூட்டிட்டுப் போனாங்களே, அங்க சதுப்புநில மரத்துல அடிமரத்தோட ஒட்டிக்கிட்டு கோடு கோடா கருப்பு நத்தைங்க இருக்கும், அதுவும் நெரைட் சொந்தம் தான். சின்னவன் போன தடவை போனப்ப ரெண்டு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டான். அது இயற்கை வனப்பகுதி, எதையும் எடுக்கக் கூடாது, அதோட அது உப்புத் தண்ணி நத்தை, நம்ம தொட்டியில செத்துடும்னு சொல்லி இழுத்துட்டு வந்தேன்.

தண்ணி விசயம் தான் முக்கியம், இத ரெண்டு தடவை படி. நத்தை ஓடு சுண்ணாம்பு, தண்ணி புளிப்பா இருந்தா கரையும். இங்க நாங்க எல்லாரும் தொட்டிக்கு அடியில அக்வாசாயில்னு ஒரு மண்ணு போடுறோம், செடிக்கு நல்லது, ஆனா அது பிஎச்ச எறக்கும், பிஎச் எறங்குனா தண்ணி புளிப்பாகுதுன்னு அர்த்தம், கூட சிஓ2 வேற விட்டா இன்னும் எறங்கும். அப்ப நத்தை ஓட்டோட பழைய பகுதி, நுனிச் சுழி இருக்கே, அங்க வெள்ளையா அரிச்சுப் போய் குழி விழும். விழுந்த குழி திரும்ப மூடாது, புதுசா வளர்ற ஓரம் மட்டும் தான் நல்லா வரும். கடையில வாங்குறப்பவே அந்தச் சுழியப் பாரு. இங்க ஒரு கடையில பாதிக்கு மேல ஓடு அரிச்ச நத்தைய வெச்சுக்கிட்டு, கேட்டா இது தான் இதோட டிசைன்னு கூசாம சொன்னான். பிஎச் ஏழுக்கு மேல இருந்தா நல்லது. ஃபில்டர்ல ஒரு பிடி பவளக் கல்லு போடலாம், இல்லன்னா லவ்பேர்ட்ஸ் கூண்டுல மாட்டுவாங்களே கணவா ஓடு, அதுல ஒரு துண்டு போடு, உங்க ஊரு நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க.

சென்னையில உன் வீட்டு போர் தண்ணி நத்தைக்கு எங்க ஊரு தண்ணிய விட நல்லதா கூட இருக்கலாம், பக்கெட்ல வெள்ளையா உப்பு படியுதுன்னு நீ திட்டுறதே அந்த கால்சியத்த தான். ஆனா ஆர்ஓ தண்ணிய அப்படியே ஊத்தாத, அதுல ஒண்ணும் இருக்காது, ஓடு மெலிஞ்சு போயிடும். பாதிக்குப் பாதி கலந்துக்க. இங்க எங்களுக்கு வேற பிரச்சினை, பைப் தண்ணியில கிருமி கொல்ல கலக்குற குளோரமைன், ராத்திரி பூரா பக்கெட்ல வெச்சாலும் போகாது, அதனால ஒவ்வொரு தடவையும் அத முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்து ஊத்தியே ஆகணும். நீ மெட்ரோ வாட்டர் ஊத்துனாலும் ஆன்டி குளோரின் ஊத்திடு, யோசிக்கவே யோசிக்காத.

அப்புறம் தொட்டிக்கு மூடி. நெரைட் வெளிய ஏறி வந்துடும், அலை அடிக்கிற எடத்துல இருந்த வம்சம், தண்ணிக்கு மேல ஏறுறது அதுக்குப் பழக்கம். எங்க வீட்டுல டிவி கன்சோலுக்கு அடியில ஒண்ணு கெடந்துச்சு, செத்துடுச்சுன்னு நெனைச்சுத் தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல நடந்து போகுது. வாய்க்கு ஒரு கதவு இருக்கில்ல, அத இறுக்க மூடிக்கிட்டா ஈரம் போகாது. கீழ விழுந்து மல்லாக்கக் கெடந்தா சிலது தானா திரும்பாது, பாத்தா திருப்பி விடு. உசுரோட இருக்கான்னு சந்தேகம் வந்தா மோந்து பாரு, செத்ததுன்னா அந்த நாத்தம் பக்கத்து வீடு வரைக்கும் போகும், ஒடனே எடுத்துடு, இல்லன்னா அமோனியா ஏறி கப்பிங்களும் போயிடும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்து மருந்து ஊத்துறதா இருந்தா பாட்டில்ல காப்பர் இருக்கான்னு பாரு. மீனு பொழைக்கும், நத்தை பொழைக்காது. உன் ஃபைட்டர் மீனையும் நம்பாத, நத்தையோட மீசைய புழுன்னு நெனைச்சு கடிக்கும், அத வேற தொட்டிக்கு மாத்திடு.

எத்தனை வேணும்னா இருபது லிட்டருக்கு ஒண்ணுன்னு பொதுவா சொல்லுவாங்க, உன் ரெண்டு அடி தொட்டிக்கு ரெண்டு போதும், மூணுக்கு மேல வேணவே வேணாம். நெறைய பேரு பத்து வாங்கிப் போட்டு, பாசி தீந்ததும் ஒண்ணு ஒண்ணா பட்டினியில சாகும், தண்ணி சரியில்லன்னு பொலம்புவாங்க. பாசி கொறஞ்சா வேக வெச்ச கீரை, வெள்ளரித் துண்டு, ஆல்கே வேஃபர்னு கடையில விக்கிற பாசித் தீனி வில்லை போட்டுப் பாரு. சிலது திங்கும், சிலது திரும்பிக் கூட பாக்காது, அந்த மாதிரி இருந்தா ஒரு கல்ல தண்ணி பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வெச்சு பாசி புடிக்க விட்டு உள்ள போடு.

செடியோட ஓசியில வர்ற பொடி நத்தைங்களப் பாத்து பயப்படாத. பிளாடர், ராம்ஸ்ஹார்ன் எல்லாம் அழுகுன எலை, மிச்சத் தீனி தின்னுட்டு தான் இருக்கும், ஜாஸ்தி ஆனா நீ தீனி ஜாஸ்தி போடுறன்னு அர்த்தம். மலேசியன் டிரம்பெட் நத்தை பகல்ல மண்ணுக்குள்ள பூந்துக்கும், ஆம்பளை இல்லாமலேயே குட்டி போடும், பயங்கரமா பெருகும், ஆனா மண்ணக் கெளறி விடுறதால எனக்குப் புடிக்கும். இத ஒழிக்கிறேன்னு அசாசின் நத்தை வாங்கிடாத, அது உன் நெரைட்டையும் சேத்துத் தின்னும்.

கோல்டன் ஆப்பிள் நத்தைன்னு யாராவது குடுத்தா மட்டும் கும்பிடு போட்டு அனுப்பிடு. செடிய மொட்டையடிச்சுடும். தென் அமெரிக்காவுலேர்ந்து 1980 வாக்குல தைவானுக்கு சாப்பாட்டுக்குன்னு கொண்டு போனது, இப்ப கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுல நெல்லு வயல்ல பரவிக் கெடக்கு. இங்கயும் குளத்தோரம் நடந்தா தண்ணிக்கு மேல செடித் தண்டுல, கல்லுல பளபளன்னு ரோஸ் கலர்ல முட்டைக் கொத்து தெரியும், எல்லாம் இவங்க வேலை தான். இந்த ஊருக்குன்னு இருந்த பைலா நத்தை இப்ப அபூர்வமாப் போச்சு. புத்தருக்கான விசாக தினம் வந்தா நேஷனல் பார்க்ஸ், அதான் அரசாங்கப் பூங்கா துறை ஆளுங்க நீர்த்தேக்கத்துல நின்னு எதையும் விடாதீங்க விடாதீங்கன்னு சொல்றாங்க, ஆனாலும் வளத்து சலிச்சுப் போனத புண்ணியம்னு சொல்லி விடுறவங்க இருக்காங்களே, அவங்கள என்ன சொல்ல. நீயும் வேணாம்னு தோணுனா ஏரியில கொட்டிடாத, வாங்குன கடையிலயே திருப்பிக் குடு.

கொளத்தூர் மீன் கடைங்களுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விசயம் எனக்கு அனுப்பு: லைட் எத்தனை மணி நேரம் எரியுது, தண்ணி பிஎச் எவ்ளோ, அந்தக் கருப்புக் குஞ்சத்தோட கிட்டத்துல எடுத்த போட்டோ. பிஎச் பாக்குற சொட்டு மருந்து அங்கேயே கெடைக்கும், வெலை கம்மி தான். டிசம்பர்ல இங்க வரும்போது தொட்டிக்கு மாஸ் செடி வேணும்னு கேட்டியே, ஜாவா மாஸ் என்கிட்ட பக்கெட் பக்கெட்டா இருக்கு, ஆனா செடிய பிளேன்ல எடுத்துட்டுப் போறதுக்கு பேப்பர் எல்லாம் வேணும்டி, அதனால அத அங்கேயே வாங்கிக்க. எனக்கு மட்டும் அந்தக் கடல் நுரை ஒரு கால் கிலோ, அத்தை பண்ற பருப்புப் பொடி ஒரு பாட்டில், மறக்காம கொண்டு வா.

சாந்தி